பேத்தியின் விலையில்லா சைக்கிளும் நம் ஊர் ரோடும்



போன வாரம் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் விலையில்லா மிதிவண்டி கொடுத்தார்கள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பென்னாகரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர். ஓட்டிக்கொண்டு வருவாள் என்று திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவோடு பைக்கில் வந்து இறங்கினாள். சைக்கிள் பின்னால் குட்டியானை வண்டியில் வந்தது. இறக்கியதும் நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனது. அதன் மேல் ஒரு சாக்கையும் போட்டு மூடிவிட்டான் என் மகன்.

"ஏன்டா, பிள்ளை ஓட்டிக்கிட்டே வந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"ரோட்டைப் பார்த்தியாம்மா நீ?"

"நல்லாத்தானே போட்டிருக்காங்க."

"அதாம்மா பயமே" என்றான்.

அந்தப் பதில் நாலைந்து நாளாக மனசில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரோடு மோசமாக இருக்கிறது என்று சைக்கிள்காரர்கள் திட்டுவார்கள். இப்போது ரோடு நன்றாக இருப்பதால் சைக்கிளை வெளியே எடுக்க முடியவில்லை. இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

என் சிறுவயதில் பென்னாகரத்தில் வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. மட்கார்டில் பெயிண்டால் நம்பர் எழுதியிருக்கும். கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் குறித்துக்கொண்டு கொடுப்பார். தெரிந்த வீட்டுப் பையனாக இருந்தால்தான் கொடுப்பார், இல்லையென்றால் யாராவது ஜாமீன் சொல்ல வேண்டும். பையன்கள் சில்லறையை எண்ணிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பெரிய சைக்கிளில் சீட்டு எட்டாது. பாருக்குக் கீழே காலை நுழைத்துக் கோணலாக மிதிப்பார்கள். அதற்குக் குரங்கு பெடல் என்று பெயர். 2024-இல் இதே பெயரில் ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள்.

வரிசையில் ஒரு பெண் பிள்ளைகூட இருக்காது. நான் கடைக்கு எதிரே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. இன்று நினைத்தால் அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுக்கிற அளவுக்கு நான் ஆசைப்படவே இல்லை.

சொந்த சைக்கிள் என்பது அப்போது பெரிய சொத்து. சுதந்திரத்துக்கு முன்னால் நல்ல சைக்கிள் என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததுதான். ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று பெயர்கள். 1949-இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் தொழிற்சாலை வந்தது. அதன்பிறகுதான் நம் பக்கத்துச் சம்சாரி வீடுகளுக்கும் சைக்கிள் மெதுவாக வந்து சேர்ந்தது. எங்கள் அப்பா ஒன்றை வாங்கிய அன்று வண்டிக்குப் பொட்டு வைத்து, பூ சுற்றி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் முதல் தடவை மிதித்தார். உள்ளாட்சிக்கு வரி கட்டி, தகர வில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். சிரிக்காதீர்கள். ரோட்டில் சைக்கிளுக்கு என்று ஒரு சட்டமும் ஒரு மரியாதையும் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அன்று வண்டி என்றாலே சைக்கிள்தான்.

அந்தச் சைக்கிள் சுமக்காத பொருள் கிடையாது. பால் கேன், புளி மூட்டை, கேழ்வரகு, சந்தைக்குப் போகும் கோழி, கேரியரின் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிய தண்ணீர்க் குடம். ஒகேனக்கல்லில் பிடித்த மீனைக் கூடையில் வைத்து மலைச் சாலையில் தள்ளிக்கொண்டே மேலே ஏறி வந்து, பென்னாகரத்தில் விற்பவர்கள் இருந்தார்கள். கீழே இறங்கும்போது மட்டும்தான் அவர்களுக்குச் சைக்கிள் சவாரி. ஏறும்போது அது கைவண்டி.

இங்கே கொஞ்சம் உலகச் சரித்திரம். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் காலால் தரையை உந்தித் தள்ளுகிற இரண்டு சக்கர வண்டி செய்தார். அதற்குப் பெடல் கிடையாது. இன்று நாம் ஓட்டுகிற வடிவம், அதாவது இரண்டு சக்கரமும் ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின், இது 1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்தது. மூன்று வருடம் கழித்து 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் வாங்கினார். அவர் கால்நடை மருத்துவர். மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சுற்றிப் பார்த்தவர். ஒரு அப்பாவின் அக்கறையில் பிறந்தது இன்றைய டயர்.

இதில் பலருக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. நல்ல ரோடு வேண்டும் என்று முதலில் சங்கம் வைத்துக் கேட்டவர்களில் சைக்கிள்காரர்கள் முக்கியமானவர்கள். அமெரிக்காவில் 1880-இல் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் தொடங்கி, பிறகு நல்ல சாலைக்காகப் பெரிய இயக்கம் நடத்தினார்கள். இங்கிலாந்தில் 1886-இல் சாலை மேம்பாட்டுச் சங்கத்தை ஆரம்பித்ததும் சைக்கிள் அமைப்புகள்தான். மோட்டார் கார் அப்போது விளையாட்டுச் சாமான் நிலையில்கூட இல்லை. வழவழப்பான சாலையைக் கேட்டு வாங்கியவர்கள் சைக்கிள்காரர்கள். பின்னால் வந்தவர்கள் அவர்களையே ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நம் ஊர்த் திண்ணைக் கதை மாதிரிதான். இடம் கொடுத்த ஆள் வெளியே, வந்தவன் உள்ளே.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1890-களில் அங்கே பெண்கள் சைக்கிள் ஏறியபோது பெரிய ரகளை நடந்திருக்கிறது. உடுப்பு சரியில்லை, உடம்புக்கு ஆகாது, வீட்டுக்கு அடங்க மாட்டார்கள் என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் ஓட்டுக்காகப் போராடிய சூசன் பி. அந்தோணி அம்மையார், பெண்ணின் விடுதலைக்கு சைக்கிள் செய்த அளவு வேறெதுவும் செய்யவில்லை என்கிற கருத்தை 1896-இல் சொன்னார். நூறு வருடம் கழித்து அதே பேச்சைப் பென்னாகரம் சந்தையில் என் காதால் கேட்டேன். அதற்கு முன் புதுக்கோட்டைக் கதையைச் சொல்ல வேண்டும்.

1992 மே மாத விடுமுறை. என் அண்ணன் அப்போது வேலை நிமித்தமாகப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூரில் இருந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரு அம்மா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்னால் பாரில் ஒரு குழந்தை, பின்னால் ஒரு சாக்கு மூட்டை. ஆண்கள் ஓட்டும் சைக்கிள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அண்ணி அழைத்துப்போக வந்திருந்தார்கள், அவர்களும் சைக்கிளில்.

புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவர் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தருவதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். காரணம் எளிமையானது. கிராமத்துக்குக் கிராமம் போய்ப் பாடம் நடத்த வேண்டியவர்கள் பெண் தொண்டர்கள். பஸ்ஸையோ வீட்டு ஆண்களையோ நம்பினால் வேலை நடக்காது. சைக்கிள் வாங்கக் கடன் உதவிக்கும் வழி செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். அதில் பார் இருப்பதால் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. கல்குவாரித் தொழிலாளிகள், வயல்வேலை செய்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் எல்லோரும் சைக்கிளில் போனார்கள்.

நான் போவதற்கு இரண்டு மாதம் முன்னால், 1992 மார்ச் 8 மகளிர் தினத்தில், 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை ஊருக்குள் ஊர்வலமாக வந்திருக்கிறார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிறகு நேரில் போய்ப் பார்த்து எழுதினார். பொதுவெளியில் நடந்த சைக்கிள் நிகழ்ச்சிகளிலும் போட்டிகளிலும் கலந்துகொண்ட பெண்கள் மட்டும் 70,000-க்கு மேல் என்று அவர் கணக்குச் சொல்கிறார். நாட்டின் ஏழை மாவட்டங்களில் ஒன்றில் நடந்தது இது.

அண்ணி அறிவொளித் தொண்டர். எனக்கும் அவர்கள்தான் குரு. ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்கள். எனக்கு அப்போது 33 வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். முழங்காலில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. "கீழே பார்க்காதீங்க, தூரமா பாருங்க" என்று கத்திக்கொண்டே வருவார்கள். ஐந்தாம் நாள் அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர்கள் கையை எடுத்து ரொம்ப நேரமாகிவிட்டது. உடனே விழுந்துவிட்டேன், அது வேறு விஷயம்.

ஊருக்குத் திரும்பியதும் உங்கள் சார், அதாவது என் வீட்டுக்காரர், ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கித் தந்தார். அதற்கு முன்னால் ஏரியூர் போகும் வழியில் இருந்த என் பள்ளிக்குப் போக ஒரே ஒரு காலை பஸ். விட்டால் ஐந்து கிலோமீட்டர் நடைதான். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று சைக்கிளில் கிளம்பினேன். சந்தைப் பக்கம் வந்ததும் "வாத்தியாரம்மாவுக்கு வந்த காலத்தைப் பாரு" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. இரண்டு மாதம் தலையைக் குனிந்துகொண்டேதான் போனேன். கீரனூரில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத அதே காரியத்துக்கு இங்கே ஊரே திரும்பிப் பார்த்தது. அங்கே ஆயிரம் பேர் சேர்ந்து ஏறினார்கள், கலெக்டர் முன்னால் நின்றார். இங்கே நான் ஒருத்தி.

அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் என் சைக்கிளுக்கு அடித்துக்கொண்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியவில்லை. ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம், வேப்பமரத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு. இரண்டு தடவை போக்ஸ் கம்பி போனது, ஒரு தடவை ஹேண்டில்பாரே திரும்பிவிட்டது. பஞ்சர் காசை மட்டும் நான் யாரிடமும் கேட்டதில்லை. தலைமையாசிரியர் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் தன் மகளையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

2001-02-இல் அரசாங்கமே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு. பிறகு படிப்படியாக மற்ற பிரிவினருக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் விரிந்தது. இலவசம் இலவசம் என்று கேலி பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியிருந்தது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

நம் தருமபுரிக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி. எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்துவிட்டு, மேலே படிக்கப் பென்னாகரம் போக வேண்டும் என்றதும் நின்றுபோன பெண் பிள்ளைகளை வரிசையாகச் சொல்ல முடியும். படிப்பு வரவில்லை என்று நின்றவர்கள் கொஞ்சம் பேர். பஸ் நேரம் ஒத்துவரவில்லை, இருட்டிவிடுகிறது, தனியாக நடக்கவிட முடியாது என்று நின்றவர்கள்தான் அதிகம். சைக்கிள் வந்த பிறகு அந்தச் சாக்குகள் குறைந்தன. கண்ணால் பார்த்தேன்.

அதே கண்ணால் வேறொன்றையும் பார்த்தேன். அவளிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.

நன்றாகப் படிக்கிற பெண். பத்தாவது முடித்ததும் அப்பா நிறுத்தப் பார்த்தார். வீட்டுக்கே போய்ப் பேசினேன். "சைக்கிள் கொடுக்கிறாங்கண்ணா, அரை மணி நேரத்துல பள்ளிக்கூடம். நான் பொறுப்பு" என்று சொன்னேன். சேர்த்தார். சைக்கிளும் கிடைத்தது. 2008-இல், ஐப்பசி மாதம், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து திரும்புகிறாள். எதிரே ஒரு வண்டி, பின்னால் ஒரு வேன். வேனுக்கு வழி விட ஓரத்தில் இறக்கியிருக்கிறாள். தார் மேல் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, ஓரத்து மண் அரை அடி கீழே இருந்தது. இறங்கிய சக்கரம் மறுபடி மேலே ஏறவில்லை. சறுக்கி ரோட்டின் பக்கமே விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆறு மாதம் படுக்கை. பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த வருடம் கல்யாணம்.

அவள் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். "டீச்சர் கட்டாயம் வரணுங்க" என்றார். போனேன். பந்தியில் உட்கார்ந்தேன், சாப்பிட முடியவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ரொம்ப வருடம் அதை விதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பிறகு என் தப்பு என்று. இப்போதுதான் அந்த அரை அடிப் பள்ளத்தைப் பற்றி யோசிக்கிறேன். அது யாரோ போட்ட பள்ளம். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ஓரத்தில் மண் கொட்டிச் சமப்படுத்தினால் இருந்திருக்காது. செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் ஓரத்தில் போகிறவர்கள் யாருடைய கணக்கிலும் இல்லை. அரசாங்கம் பிள்ளைகளுக்குச் சைக்கிளைக் கொடுத்தது, அதை ஓட்டுகிற இடத்தை அதே அரசாங்கம் கவனிக்கவில்லை. நானும் அப்பாவிடம் அரை மணி நேரக் கணக்கைச் சொன்னேனே தவிர, அந்த ரோட்டில் மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ரோடு இன்னும் அகலமானது. நிழல் தந்த புளியமரங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போகிற கார்கள் பறக்கின்றன. வீட்டுக்கு ஒரு பைக், சில வீட்டில் மூன்று. குறை சொல்லவில்லை. என் மகனுக்கும் பைக் இல்லாமல் பிழைப்பு இல்லை. ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. 30 கிலோமீட்டர் வேகத்தில் இடித்தால் பிழைக்க வழியுண்டு. 60-இல் இடித்தால் இடிக்கிற ஆற்றல் நாலு பங்கு. 2022-இல் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். 2020-இல் ஸ்டாக்ஹோமில் பல நாட்டு அரசுகள் கூடிய மாநாட்டில், நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று தீர்மானம் போட்டதும் இதனால்தான்.

பெங்களூரில் இருக்கும் ஒரு மாணவன் போன மாதம் நெதர்லாந்து படம் ஒன்றை அனுப்பி, "அவங்க நாடு வேற டீச்சர், பொறந்ததிலேயே சைக்கிள்காரங்க" என்று எழுதியிருந்தான். தம்பி, அது அப்படியில்லை. அங்கேயும் 1950-க்குப் பிறகு கார் பெருகி, சைக்கிள் குறைந்து, தெருக்களை இடித்து ரோடு போட்டார்கள். 1971-இல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயரானது. அம்மாக்களும் அப்பாக்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் காரே கூடாது என்று அரசு அறிவித்தது. ஜனங்கள் காலி ரோட்டைக் கண்ணால் பார்த்தார்கள். அதற்குப் பின் வருடக்கணக்கில் தெருத்தெருவாக மாற்றி எடுத்ததுதான் அந்தப் படத்தில் நீ பார்க்கிறது. இன்று அங்கே பயணங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிளில்தான்.

நம்மிடமும் நல்ல காகிதங்கள் இருக்கின்றன. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று கொள்கை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் பெரும்பங்கு அதற்கே என்று அதில் எழுதியிருந்தார்கள். 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. நானே போய் நடந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தெருவை அழகாக்கினால் ஊர் முழுக்க ஆகிவிடாதே. சைக்கிளுக்கென்று கோடு போட்ட இடத்தில் பைக் நிறுத்தியிருப்பதையும் பார்த்தேன். கோட்டை அழித்துவிட்டுப் போக ஒரு மழை போதும். திண்டுக்கல் வைத்துக் கட்டிய பாதையை அப்படி அழிக்க முடியாது.

பென்னாகரத்துக்கு நெதர்லாந்து வேண்டாம். நான் கேட்பது சின்னச் சின்ன விஷயம். ரோட்டின் ஓரத்தில் மண் கொட்டிச் சமமாக வைக்க வேண்டும், முட்செடியை வெட்ட வேண்டும். பள்ளிகளுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னும் பின்னும் 30-க்கு மேல் போக முடியாதபடி ரோட்டையே அமைக்க வேண்டும், பலகை வைத்தால் போதாது. கடைக்காரர்கள் ரோட்டில் சாமான் பரப்பாமல் இருக்க வேண்டும். இதை அவர்களிடம் சொல்ல எனக்குத் தயக்கம்தான், பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை லாரிகளை ஊருக்குள் விடாமல் நிறுத்தினால் இன்னும் நல்லது. இவ்வளவையும் ஒரு மனுவாக எழுதிவிட்டேன். பேரூராட்சிக்கு ஒன்று, நெடுஞ்சாலைத் துறைக்கு ஒன்று. உங்களில் அந்தத் துறையில் இருக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு வார்த்தை எழுதுங்கள், யாரிடம் கொடுத்தால் நகரும் என்று. கையெழுத்துப் போட வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி உண்டு.

மகனிடம் நாலு நாள் பேசினேன். சண்டையும் போட்டேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். தனியாக அனுப்ப மாட்டேன், ஐந்து பேராவது சேர்ந்து போக வேண்டும், நான் ஒரு வாரம் பின்னால் வருவேன் என்றான். சரி என்றேன். புதுக்கோட்டையிலும் கூட்டமாகத்தானே கிளம்பினார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பேசிவிட்டு வந்தேன். அதற்கு முன்னால் அந்த ரோட்டை ஒரு தடவை காலையிலும் ஒரு தடவை சாயங்காலம் ஆறு மணிக்கும் முழுக்க நடந்து பார்த்தேன். ஓரம் மோசமாக இருக்கும் மூன்று இடத்தை நோட்டில் குறித்திருக்கிறேன். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை யாரிடமும் நான் பொறுப்பு என்று சொல்லவில்லை. இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். மூன்று வீட்டில் சம்மதித்தார்கள். ஒரு வீட்டில் யோசிக்கிறார்கள். பேத்தியோடு சேர்த்து நாலு ஆகிறது, இன்னும் ஒன்று வேண்டும்.

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு மாரியம்மன் கோயில் முக்கில் சேர்வதாகப் பேச்சு. சாக்கை எடுத்துவிட்டோம். செயினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. சீட்டைக் கொஞ்சம் இறக்கி, பின்னால் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். பெல்தான் சத்தம் போதவில்லை, நாளைக்குக் கடையில் மாற்ற வேண்டும்.